சிந்தாத டம்ளர்

மருத்துவ வரலாற்றை இனிமேல் இரண்டு பாகமாகத்தான் எழுத வேண்டியிருக்கும்: டம்ளருக்கு முன், டம்ளருக்குப் பின். இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு. டம்ளர் பிறந்தபோது நான் அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன்.

நான் மருத்துவன் இல்லை. ஒரு பெரிய மருத்துவமனையின் நரம்பியல் ஆய்வுப் பிரிவில் கூட்டக் குறிப்பு எழுதுகிறவன். மற்ற பிரிவுகளில் நோயாளிகளைப் பார்ப்பார்கள். எங்கள் பிரிவில் கூட்டம் போடுவார்கள். நோயாளி வந்தால் அது பற்றி ஒரு கூட்டம். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று ஒரு கூட்டம். யார் என்ன உளறினாலும் அதை உளறியவருக்கே பெருமை வரும்படி எழுதி வைப்பது என் வேலை. "அதெல்லாம் எனக்கு எப்படிய்யா தெரியும்?" என்று பேராசிரியர் கத்தினால், "இப்பொருளில் மேலும் ஆய்வு தேவை எனப் பேராசிரியர் கருதினார்" என்று எழுதுவேன். படித்துப் பார்த்துவிட்டு, தான் இவ்வளவு ஆழமாகப் பேசினோமா என்று அவரே அசந்து போவார்.

பேராசிரியர்தான் பிரிவின் தலைவர். மேதை. அவரிடம் முதலில் கண்ணில் படுவது புருவங்கள். மழையில் நடந்தாலும் மூக்குக்கண்ணாடி நனையாத அளவுக்கு அடர்த்தி. கூட்டங்களில் அவர் அதிகம் பேச மாட்டார். புருவம் ஏறினால் தீர்மானம் நிறைவேறியது, இறங்கினால் தள்ளுபடி. நானும் மற்றவர்களும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் எங்கள் "சொந்தக் கருத்தை" முடிவு செய்வோம்.

நடுக்கவாதத்துக்கு, அதாவது கை தானாக நடுங்குகிற நோய்க்கு, ஒரு கம்பெனி புது மாத்திரை கண்டுபிடித்திருந்தது. அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் பெரும் பொறுப்பு எங்கள் பிரிவுக்கு வந்தது. நடுக்கத்தை அளக்க ஒரு இயந்திரமும் கூடவே வந்தது. ஆனால் அதன் பிளக் எங்கள் சுவரில் நுழையவில்லை. சுவரை மாற்றுவதா, பிளக்கை மாற்றுவதா என்பது மின்சாரப் பிரிவின் "பரிசீலனையில்" இருந்தது. இயந்திரத்தின் பெட்டி மேல் எல்லாரும் சாப்பாட்டுப் பையை வைக்கப் பழகிவிட்டோம்.

அப்படியொரு கூட்டத்தில்தான் பேராசிரியர் தண்ணீர் குடிக்கப் போனார். டம்ளர் வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றது. புருவம் ஏறியது.

"ஒரு டம்ளர்ல விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்துறோம். நோயாளி அதை இந்தச் சுவத்துலேருந்து அந்த ஜன்னல் வரைக்கும் எடுத்துட்டுப் போறாங்க. எவ்வளவு சிந்துதோ அவ்வளவு நடுக்கம். எப்படி?"

புள்ளிவிவரக்காரர், எந்தத் தகவலையும் கோடாக வரைந்து காட்டுகிறவர், "ரொம்ப எளிமையா இருக்கு சார்" என்றார்.

பேராசிரியர் என் பக்கம் திரும்பினார். "எளிமைன்னு எழுதிடாதீங்க."

நான் ஏற்கெனவே "நீர்ச்சிதறல் வழி நடுக்க மதிப்பீட்டு முறை" என்று எழுதி முடித்திருந்தேன். அவர் அதைப் பார்த்துப் புன்னகைத்தார். விஞ்ஞானம் பிறக்கும்போது பக்கத்தில் இருப்பது லேசான பாக்கியமா?

இந்த இடத்தில் என் அக்கா வருகிறாள். அவளாக வரவில்லை, நான்தான் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அக்கா ஒரு சின்ன பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். ஒரே நாற்காலி, ஒரே கண்ணாடி, ஒரே ஆள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறுமுனையை இரண்டு கையிலும் முறுக்கி, அவள் புருவம் திருத்துகிற வேகத்தைப் பார்த்தால் பார்க்கிறவர்களுக்குக் கண்ணில் நீர் வரும். உட்கார்ந்திருப்பவர்களுக்கு எப்படியும் வரும். அந்தக் கைதான் அவள் சோறு, அவள் கௌரவம், அவள் அகம்பாவம் எல்லாம். அந்தக் கை நடுங்கத் தொடங்கியதும் எங்கள் தெருவில் பல பெண்கள் ஒரு புருவத்தில் ஆச்சரியமும் மறு புருவத்தில் சந்தேகமுமாக நடமாடினார்கள்.

அதற்கு ஒரு மாத்திரை இருந்தது. எங்கள் மருத்துவமனையில்தான் வாங்கிக்கொண்டிருந்தாள். காலையில் போட்டால் மத்தியானம் வரை கை சொன்னபடி கேட்கும். மத்தியானம் வரை புருவம், அதற்கு மேல் நூல் இல்லாத வேலை என்று அவள் காலத்தை ஓட்டினாள். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"புது மருந்துக்கா. இதைப் போட்டா சாயங்காலமும் புருவம் செய்யலாமாம்" என்றேன்.

"செய்யலாமா, செய்யலாமாமா?" என்றாள். ஆனாலும் வந்தாள். சாயங்காலம்தான் பார்லருக்குக் கூட்டம் வரும் நேரம்.

பேராசிரியர் அவளிடம் அன்பாகப் பேசினார். "பழைய மாத்திரையை நிறுத்திடணும்மா. ரெண்டையும் சேர்த்துப் போட்டா எதால குணமாச்சுன்னு தெரியாமப் போயிடும்."

"எதால ஆனா என்ன சார்? ஆனா சரி."

புருவம் இறங்கியது. "அது நோயாளியோட பார்வை. விஞ்ஞானத்தோட பார்வை வேற."

"பழசு திரும்ப எப்போ கிடைக்கும்?"

"குணமாயிட்டா அது எதுக்கும்மா உங்களுக்கு?"

இந்தப் பதிலில் இருந்த தொலைநோக்கு எனக்கு அப்போது புரியவில்லை.

முதல் பரிசோதனை நாள். பழைய மாத்திரை நின்றுபோயிருந்ததால் அக்காவின் கை பறந்தது. சுவரிலிருந்து ஜன்னலுக்குப் போவதற்குள் தரையெல்லாம் தண்ணீர், செருப்பெல்லாம் தண்ணீர். நர்ஸ் கைதட்டினார். "அருமைம்மா! இவ்வளவு அழகா இதுவரைக்கும் யாருமே சிந்தல!"

வெளியே வந்ததும் அக்கா சொன்னாள்: "சின்ன வயசுல சிந்துனா அம்மா அடிப்பாங்க. இங்க பாராட்டுறாங்கடா. உங்க ஆஸ்பத்திரி பெரிய இடம்தான்."

புது மாத்திரை தொடங்கியது. நோயாளிகள் விழுங்கினார்கள், நடந்தார்கள், சிந்தினார்கள். வாரத்துக்கு வாரம் நடுக்கம் கூடியதே தவிரக் குறையவில்லை. பேராசிரியர் மனம் தளரவில்லை. தளர்ந்தது தரைதான். ஓடுகள் ஊறிப் பெயர ஆரம்பித்தன.

அப்போதுதான் பாதுகாப்பு அலுவலர் எங்கள் வரலாற்றில் கால் வைத்தார். கால் வைத்தார் என்று சொல்வதைவிடக் கால் வழுக்கினார் என்று சொல்வது சரி. மருத்துவமனையில் எங்கெல்லாம் ஈரமோ அங்கெல்லாம் "வழுக்கும், கவனம்" என்ற மஞ்சள் பலகையை வைப்பது அவர் கடமை. எங்கள் அறையில் அந்தப் பலகையை வைக்கக் குனிந்தபோது, பலகை நின்றது, அவர் விழுந்தார்.

இடுப்பில் பட்டையோடு அவசரக் கூட்டத்துக்கு வந்தார்.

"இது ஆய்வுக்கூடமா, நீச்சல் குளமா? இனிமே ஒரு சொட்டு சிந்தக் கூடாது!"

"சிந்துறதுதான் சார் ஆய்வே!" என்றார் பேராசிரியர்.

"அப்போ கொஞ்சமா சிந்தச் சொல்லுங்க."

"நோயாளி கிட்ட அப்படிச் சொல்ல முடியாது. அது நெறிமுறைக்கு விரோதம்."

"டம்ளர் கிட்ட சொல்லலாமில்ல?"

புருவம் ஏறியது. இரண்டு துறைகள் விட்டுக்கொடுத்து ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் அரிய காட்சியை அன்று கண்டேன். இனி டம்ளரில் பாதிதான் தண்ணீர் ஊற்றுவது என்று ஏகமனதாக முடிவாயிற்று. எல்லாரும் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம்.

அடுத்த கூட்டத்தில் புள்ளிவிவரக்காரர் திரையில் ஒரு கோடு காட்டினார். இதுவரை மேலே ஏறிக்கொண்டிருந்த கோடு, திடீரென்று சறுக்கு மரத்தில் உட்கார்ந்ததுபோலக் கீழே இறங்கியது.

"சிந்துற தண்ணி ரொம்பக் குறைஞ்சிடுச்சு சார். எல்லா நோயாளிக்குமே!"

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணையும் துடைத்தார். "மருந்து பிடிச்சிடுச்சு" என்றார், குரல் உடைந்து.

நான் பேனாவை மூடிவிட்டு, "சார், டம்ளர்லயும் பாதிதான்…" என்று இழுத்தேன்.

புருவம் இறங்கிய வேகத்தில் கண்ணே மறைந்துவிட்டது. "நீங்க குறிப்பு எழுதுறவர். குறிப்பை எழுதுங்க."

எழுதினேன். "டம்ளரில் தண்ணீரைப் பாதியாகக் குறைத்தது முறையாகச் செயல்படுவது குறித்துக் கூட்டம் மகிழ்ச்சி தெரிவித்தது. நோய் பாதியாகக் குறைந்தது குறித்தும் மகிழ்ச்சி தெரிவித்தது." இரண்டும் பக்கத்துப் பக்கத்து வரிகள். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அன்று அக்கா வீட்டுக்குப் போனேன். பார்லர் பூட்டியிருந்தது. ஜன்னல் வழியே பார்த்தேன், நாற்காலி மேல் ஒரு பழைய போர்வை. அக்கா ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியாமல் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். யாரிடமும் ஒரு கை உப்புக்கூடக் கேட்காதவள்.

"நான் பாதி குணமாயிட்டேன்னு நர்ஸ் சொன்னாங்க" என்றாள். "எந்தப் பாதிடா?"

 அலுவலகத்தில் எல்லாவற்றுக்கும் வார்த்தை கிடைக்கிறது, அக்காவிடம் ஒன்றும் கிடைக்கவில்லை.

இதற்கிடையில் மருத்துவமனைத் தரச்சான்று கொடுக்கும் குழு வரப்போவதாகச் செய்தி வந்தது. தரையில் ஒரு துளி ஈரம் பார்த்தாலும் சான்று போய்விடும். பாதுகாப்பு அலுவலர் இந்த முறை கூட்டமே கேட்கவில்லை. குழந்தைகள் பிரிவுக்குப் போய், அங்கே பால் குடிக்க வைத்திருந்த டம்ளர்களின் இறுக்கமான மூடிகளைக் கொண்டுவந்துவிட்டார். ஒவ்வொரு மூடியிலும் சிரிக்கிற வாத்துப் படம்.

பரிசோதனை நாளன்று அக்காவின் கையில் வாத்து மூடி போட்ட டம்ளரைக் கொடுத்தார்கள். அவள் நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் "நடங்கம்மா" என்றார். அக்கா நடந்தாள். கை நடுங்கிய நடுக்கத்தில் உள்ளே தண்ணீர் சலசலவென்று கொதிப்பதுபோல் சத்தம் கேட்டது. வெளியே ஒரு சொட்டு இல்லை. ஜன்னல் அருகில் போனதும் அக்கா டம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்து, உதறு உதறென்று உதறினாள். அப்போதும் இல்லை.

"வாழ்த்துகள்மா!" என்றார் நர்ஸ். அவர் மேல் தப்பில்லை. அவருடைய தாளில் "சிந்திய அளவு" என்று ஒரு கட்டம்தான் இருந்தது. மூடிக்குக் கட்டம் இல்லை.

கோடு தரையைத் தொட்டது. ஆய்வில் இருந்த அத்தனை நோயாளிகளும் ஒரே வாரத்தில் "முழு குணம்". உலகத்தில் எந்த மருந்தும் இப்படி ஒற்றுமையாக வேலை செய்ததில்லை என்று புள்ளிவிவரக்காரர் சொன்னார். அது உண்மைதான்.

குணமானவர்களுக்கு மருந்து எதற்கு? புது மாத்திரையை நிறுத்தினார்கள். அக்கா பழைய மாத்திரை கேட்டு மருந்து வழங்கும் ஜன்னலுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். மருந்தாளர் கம்ப்யூட்டரைத் தட்டினார்.

"உங்களுக்கு நோய் இல்லைன்னு வருதும்மா."

அக்கா கையை ஜன்னலுக்குள் நீட்டினாள். கை நடுங்கி அவருடைய பேனா ஸ்டாண்டைத் தட்டிவிட்டது. அவர் பொறுமையாகப் பேனாக்களைப் பொறுக்கினார்.

"எனக்குத் தெரியுதும்மா. கம்ப்யூட்டருக்குத் தெரியணுமே. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இதே பதிவுதான் வரும். குணமாக்குன டாக்டரே எழுதிக் குடுத்தா உண்டு."

பேராசிரியரிடம் போனோம். அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

"நல்லா இருக்கவங்களுக்கு நான் எப்படிம்மா மாத்திரை எழுதுறது? அது தப்பில்லையா?"

"கை நடுங்குது சார்."

"அது பழக்கம்மா. இத்தனை நாள் நடுங்குன கைக்கு இன்னும் செய்தி போய்ச் சேரல." பிறகு புருவம் ஏறியது. "நல்லவேளை வந்தீங்க. வெற்றி விழா வைக்கிறோம். மேடையில ஒரு ஆள் டம்ளர் எடுத்துட்டு நடந்து காட்டணும். நீங்களே வாங்களேன்."

அக்கா உடனே சரி என்றாள். அவள் எதற்கும் உடனே சரி சொன்னதில்லை. 

விழா அரங்கம் நிரம்பி வழிந்தது. முதல் வரிசையில் மாத்திரைக் கம்பெனியின் பெரிய அதிகாரி, அவர்தான் சிறப்பு விருந்தினர். நான் மேடை ஓரத்தில் குறிப்பு நோட்டோடு நின்றேன். பாதுகாப்பு அலுவலர் மூடியை இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு டம்ளரை அக்காவிடம் கொடுத்தார். அக்கா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. அரங்கம் எழுந்து கைதட்டியது. விருந்தினர் கண்கலங்கினார்.

அக்கா டம்ளரை மேசையில் வைத்துவிட்டு மைக்கை எடுத்தாள்.

"எனக்குப் பேசத் தெரியாது. புருவம் திருத்துறது என் தொழில். இந்த நோய் வந்ததும் தொழில் போச்சு. இப்போ பேராசிரியர் அய்யா என் கையைக் குணமாக்கிட்டாங்க. அந்தக் கையால முதல் புருவம் அவங்களுக்குத்தான் செய்யணும்னு ஆசை."

கைப்பையிலிருந்து நூல்கண்டு வெளியே வந்தது.

அரங்கம் சிரித்தது. பிறகு உருகியது. பிறகு மறுபடியும் கைதட்டியது. பேராசிரியர், "அதெல்லாம் எதுக்கும்மா, பரவாயில்ல" என்று பின்வாங்கினார். விருந்தினர் விடவில்லை. "உட்காருங்க சார், உட்காருங்க! போட்டோ எடுக்கலாம்!" விழாத் தலைவரின் நாற்காலியை யாரோ மேடை நடுவில் இழுத்துப் போட்டார்கள். பேராசிரியர் உட்கார்ந்தார். வேறு வழி?

அக்கா அவர் கண்ணாடியைக் கழற்றினாள். நூலைப் பல்லில் கடித்தாள். இரண்டு கையிலும் முறுக்கினாள். குனிந்தாள். நூல் அவர் கண்ணுக்கு முன்னால் மேலும் கீழும், இடமும் வலமும், கொசு பறப்பதுபோல் பறந்தது. ஒரு தரம் புருவம், ஒரு தரம் இமை, ஒரு தரம் மூக்கு. பேராசிரியரின் தலை நாற்காலியோடு பின்னால் பின்னால் போனது.

அக்கா நூலை வாயிலிருந்து எடுத்தாள். "ஆடாதீங்க சார்."

"நான் ஆடலம்மா."

"அப்போ யாரு ஆடுறா?"

பேராசிரியர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்துவிட்டது. மேடைக்குக் கீழே கேட்காத குரலில், "கை நடுங்குதேம்மா" என்றார்.

அக்கா மைக்கை எடுத்து அவர் வாயருகே நீட்டினாள். மைக் நடுங்கி அவர் மூக்கில் டொக் டொக்கென்று இடித்தது. அரங்கம் முழுக்க அந்தச் சத்தம் கேட்டது.

"மைக்குல சொல்லுங்க சார்."

மேதைகள் நெருக்கடியில்தான் ஒளிர்வார்கள். பேராசிரியர் ஒரே கணத்தில் எழுந்து நின்றார். "இந்தச் சகோதரிக்கு மட்டும், அவருடைய தொழில் மிக நுட்பமானது என்பதால், கூடுதலாக ஒரு மாத்திரை பரிந்துரைக்கிறேன்" என்று அறிவித்து, பழைய மாத்திரையின் பெயரை அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எழுதும்போது அவர் கையும் நடுங்கியதை நான் பார்த்தேன். எவ்வளவு நடுக்கம் என்று அளந்திருக்கலாம். டம்ளர் பக்கத்திலேயே இருந்தது, ஆனால் மூடி போட்டிருந்தது.

அக்கா சீட்டை வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். அது படபடவென்று அடித்துக்கொண்டதில் படிக்க முடியவில்லை. என்னிடம் நீட்டினாள். "சரியா எழுதியிருக்காராடா?" சரியாகத்தான் எழுதியிருந்தார். அவருக்கு எல்லாமே தெரியும்.

இப்போது பார்லர் திறந்துவிட்டது. மத்தியானம் வரை புருவம். தெருப் பெண்கள் முகத்தில் ஆச்சரியமும் சந்தேகமும் நீங்கி, பழையபடி அவரவர் சொந்த முகபாவத்தோடு நடமாடுகிறார்கள்.

எங்கள் பிரிவும் தழைத்தோங்குகிறது. விழா முடிந்த கையோடு கூட்டம் போட்டு, அக்காவை ஒரு "விதிவிலக்கு" என்று தீர்மானித்து ஆய்விலிருந்தே நீக்கிவிட்டார்கள். அதனால் வெற்றி விகிதத்தில் ஒரு கீறல்கூட இல்லை. புது மாத்திரை அமோகமாக விற்கிறது. பேராசிரியருக்கு விருது கொடுத்தார்கள். வாங்கும்போது புருவம் உச்சியில் இருந்தது. பாராட்டுரை நான் எழுதியதுதான். நோயே இல்லாமல் செய்தவர் என்று எழுதியிருந்தேன். கம்ப்யூட்டரும் அதைத்தான் சொல்கிறது.

ஆய்வில் குணமான மற்றவர்களைத் தினமும் பார்க்கிறேன். மருந்து வழங்கும் ஜன்னலில் வரிசையாக நிற்கிறார்கள். ஒருவர் தபால்காரர், ஒருவர் கணக்கு வாத்தியார், ஒரு அம்மா கேக் கடைக்காரர். ஒவ்வொருவராகக் கையை உள்ளே நீட்டுகிறார்கள். மருந்தாளர் பேனாக்களைப் பொறுக்கிவிட்டு, உங்களுக்கு நோய் இல்லை என்று சொல்லி அனுப்புகிறார். மூடியைக் கழற்றிப் பார்க்கச் சொல்ல அவர்களுக்கு மேடை கிடைக்கவில்லை. எல்லாரும் நல்ல மனிதர்கள், தங்கள் தொழிலில் கெட்டிக்காரர்கள். என்ன செய்வது, ஒருவருக்கும் புருவம் திருத்தத் தெரியாது.